ஒரே நாளில் பூத்த இசை மலர்கள்

பூவுக்கு வாழ்வு ஒரு நாள். இந்த உண்மையைத் தோவாளைக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விடியும் முன்பே எங்கள் ஊர்ச் சந்தையில் பிச்சியும் மல்லிகையும் அரளியும் சம்பங்கியும் கொழுந்தும் வந்து குவிந்துவிடும். வெயில் ஏறுமுன் அவை கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்குமாகப் பிரிந்து போய்விடும். நேற்றைய பூவை இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் நேற்றைய பாட்டை இன்றும் கேட்கின்றோம். பூவுக்கும் பாட்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்கும்படி செய்தது ஒரு மாலை. மாலை என்றால் அந்திப்பொழுது அன்று; என் தந்தையார் கட்டிய பூமாலை.

சென்ற செப்டம்பர் 25ஆம் நாள் ஓர் ஆசிரியர் எங்கள் கடைக்கு வந்தார். “நாளைக்குக் கவிமணி நினைவு நாள். படத்துக்குப் போடும்படி நல்ல மாலையாக ஒன்று வேண்டும்” என்றார். என் தந்தையார் மாணிக்க மாலையே கட்டித் தந்தார். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, மாணிக்கக் கல் பதித்தாற்போலக் கட்டுகின்ற, எங்கள் ஊருக்கே உரிய மாலை அது. நான் அருகில் இருந்து பூ எடுத்துக் கொடுத்தேன். அப்போது ஒரு நினைப்புத் தோன்றியது. கவிமணி மறைந்த அந்த நாளில் இசையுலகில் வேறு என்னென்ன நடந்திருக்கும்? வரலாறு படிக்கின்ற மாணவனுக்கு இத்தகைய கேள்வி எழுந்துவிட்டால் உறக்கம் வராது. மறுநாளே நூலகத்துக்குப் போனேன். அங்கே கண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

திதியும் தேதியும்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆங்கிலத் தேதியைக் கொண்டு பெரியோரை நினைவுகூர்வது நம் நாட்டுப் பழைய வழக்கம் அன்று. நம் முன்னோர் பிறந்த நாளை நட்சத்திரத்தாலும் இறந்த நாளைத் திதியாலும் குறித்தனர். தியாகராஜ சுவாமிகள் 1847 ஜனவரி 6 அன்று மறைந்தார். ஆயினும் திருவையாற்றில் ஆராதனை நடப்பது ஜனவரி 6 அன்று அல்ல. புஷ்ய பகுள பஞ்சமித் திதியில்தான். ஆகவே ஆண்டுதோறும் தேதி மாறுகின்றது. முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மறைந்தார். எனவே அவரை அன்பர்கள் தீபாவளியன்று நினைக்கின்றனர்.

திதி சந்திரனைப் பின்பற்றுகின்றது. தேதி சூரியனைப் பின்பற்றுகின்றது. தேதியால் ஒரு நன்மை உண்டு. உலகம் முழுவதற்கும் அது பொது. நாஞ்சில் நாட்டுக் கவிஞரையும் நியூயார்க் நகரத்து இசைஞரையும் ஒரே பந்தலின் கீழ் அமர்த்த அது ஒன்றே வழி. செப்டம்பர் 26 நமக்குப் புரட்டாசி பத்தாம் நாளை ஒட்டி வரும். நவராத்திரியும் அந்தக் காலத்தை ஒட்டியே வருவது. பத்மநாபபுரத்துச் சரசுவதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்து நவராத்திரி இசைவிழாவுக்குப் பவனி செல்கின்ற காலம். ஆக, இசையை நினைக்க ஏற்ற பருவந்தான் இது.

ஒருவர் பிறந்தார், ஒருவர் மறைந்தார்

1890ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில் ஒரு குழந்தை பிறந்தது. இராமையா என்று பெயரிட்டனர். அவரே பின்னாளில் ‘தமிழ்த் தியாகையர்’ என்று போற்றப்பட்ட பாபநாசம் சிவன். இளமையிலேயே தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் சென்று வளர்ந்தார். அங்கே வடமொழி கற்றார். பஜனைக் கூட்டங்களில் பாடினார். அவர் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தவை நீலகண்ட சிவனின் பாடல்கள்.

அந்த நீலகண்ட சிவன் யார் தெரியுமா? 1839இல் நம் நாகர்கோவில் வடிவீசுவரத்தில் பிறந்தவர்! நாஞ்சில் நாட்டு மண்ணில் ஊறிய ஊற்று, திருவனந்தபுரம் வழியாகத் தஞ்சைத் தரணிக்குப் பாய்ந்தது என்றால் மிகையாகாது. பாபநாசம் சிவன் கோயில் வீதிகளிலும் கச்சேரி மேடைகளிலும் மட்டுமன்றித் திரைப்படத்திலும் தமிழ்ப் பாட்டை அரியணை ஏற்றினார். அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் முதலிய படங்களின் பாடல்களைத் தமிழர் எவர்தாம் மறந்தனர்? 1971இல் சங்கீத கலாநிதி விருதும் 1972இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. 1973 அக்டோபர் 1 அன்று மறைந்தார்.

அவர் பிறந்த அதே செப்டம்பர் 26 அன்று, 1954ஆம் ஆண்டில், நம் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மறைந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. 1876 ஜூலை 27 அன்று தேரூரில் பிறந்த அவர் 36 ஆண்டுகள் ஆசிரியராக உழைத்தவர். கல்வெட்டு ஆராய்ந்தவர். ‘மலரும் மாலையும்’ என்று தம் கவிதைத் தொகுதிக்குப் பெயரிட்டவர். தோவாளையில் பிறந்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் ஒரு பெருமிதம்! கவிமணியை இசைவாணர் வரிசையில் வைக்கலாமா என்று சிலர் கேட்கலாம். அவர் இசைப்பாடல்களும் இயற்றியவர். ‘தேவியின் கீர்த்தனங்கள்’ என்றே அவருக்கு ஒரு நூல் உண்டு. அதற்கும் மேலாக, பள்ளிக் குழந்தைகள் இராகம் தெரியாமலேயே பாடிக்கொண்டு திரியும்படி எழுதியவர். அதனினும் பெரிய இசைத்தொண்டு உண்டோ? நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1இல். அந்த நாளைக் காண அவர் இல்லையே என்பதுதான் நம் வருத்தம்.

கடல் கடந்த செய்திகள்

இனிக் கடல் கடந்து செல்வோம். 1898இல் இதே நாளில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜார்ஜ் கெர்ஷ்வின் பிறந்தார். ஜாஸ் இசையையும் மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் மணமுடித்து வைத்தவர் அவர். 1924இல் அவருடைய ‘ராப்சடி இன் புளூ’ அரங்கேறியபோது அவருக்கு வயது 25. முப்பத்தொன்பது நிறையுமுன், 1937இல் மறைந்தார்.

அதே 1937இல், செப்டம்பர் 26 அன்று, பெஸ்ஸி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி மோட்டார் விபத்தில் உயிரிழந்தார். ‘புளூஸ் இசையின் பேரரசி’ என்று பெயர் பெற்றவர். பேரரசிக்கு நேர்ந்தது என்ன? அவர் கல்லறைக்கு 33 ஆண்டுகள் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. 1970இல்தான், அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஜானிஸ் ஜாப்ளின் என்ற பாடகியும் மற்றொரு பெண்மணியும் செலவை ஏற்றுக் கல் நாட்டினர்.

1957இல் இதே நாளில் லியோனார்டு பெர்ன்ஸ்டைன் இசையமைத்த ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’ என்னும் இசை நாடகம் நியூயார்க் பிராட்வே அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பட்டது. ரோமியோ ஜூலியட் கதையை நியூயார்க் தெருவில் நிகழ்த்திக் காட்டிய நாடகம் அது. 1969இல் இதே நாளில் பீட்டில்ஸ் குழுவினரின் ‘அபே ரோடு’ இசைத்தட்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. 1989இல் இதே நாளில், ‘நாகின்’ படத்தில் மகுடி ஓசையால் இந்தியாவையே ஆட்டிவைத்த ஹேமந்த் குமார் கல்கத்தாவில் மறைந்தார்.

நம் காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மறைந்த நாள் 2020 செப்டம்பர் 25. மறுநாள் 26 அன்று, தாமரைப்பாக்கத்தில் காவல்துறை மரியாதையுடன் அவர் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. இந்த இரண்டு நாட்களையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர். மறைந்த நாள் வேறு, அடக்கம் செய்த நாள் வேறு. நாட்குறிப்பு எழுதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பேர் எழுதி வைத்த பெரியவர்

இந்த வரிசையில் என் நெஞ்சைத் தொட்டவர் ஒருவரை மட்டும் கடைசிக்கு என்று நிறுத்தி வைத்தேன். அவர் ஹங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்டோக். 1945 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில், தாய்நாட்டை விட்டு வெகுதொலைவில் மறைந்தார். 1988இல்தான் அவர் உடல் புடாபெஸ்ட் நகருக்குக் கொண்டுவரப்பட்டது.

பெரிய இசைமேதையான இவர் இளமையில் செய்த வேலை என்ன? ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாக நடந்தார். நண்பர் கோடாயும் இவரும் உழவர்களிடமும் கிழவிகளிடமும் நாட்டுப்பாடல்களைக் கேட்டு ஆயிரக்கணக்கில் பதிவு செய்தனர். பாட்டை மட்டுமா எழுதினார் பார்டோக்? பாடியவர் பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் பக்கத்தில் குறித்தார். அதனால் ஓர் ஏழைக் குடியானவரின் பெயர் இன்றும் நிலைத்து நிற்கின்றது.

இதைப் படித்த அன்று மாலை வீட்டுக்கு வந்து, பூக்கட்டிக்கொண்டிருந்த என் பாட்டியிடம் கேட்டேன்: “ஆச்சி, தாத்தா பிறந்த நாள் எது?”

என் தாத்தா கொடைகளில் வில்லுப்பாட்டுக் குழுவோடு சென்று குடம் அடித்தவர். வில்லும் வீசுகோலும், உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் முழங்க, குடத்தின் வாயில் பத்தியால் அறைந்து தாளம் காக்கின்ற வேலை அது. அண்ணாவி பாடுகின்ற கதை எட்டுத் திக்கும் கேட்கும். குடம் அடிப்பவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஆச்சி நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார்: “ஒந் தாத்தாவுக்கு ஏது மக்கா பொறந்த நாளு? ஆடி அமாவாசைக்கு எலை போடுதோம்லா, அதுதான் அவருக்க நாளு.”

பரணில் தாத்தாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. பாட்டுக்கூலி, பீடி, பஸ் சார்ஜ் என்று வரவு செலவு. நடுவில் ஒரு வரி: “கொல்லம் 1151 தை 12, குடம் வாங்கின வகை.” திருவிதாங்கூரோடு இருந்த காரணத்தால் நம் முதியோர் கொல்லம் ஆண்டையே எழுதி வந்தனர். அதை ஆங்கில ஆண்டாக்குவது எளிது. கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில், தொடங்குகின்றது. ஆகவே ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். அவ்வாறு கூட்டினால் 1976 ஜனவரிக் கடைசி என்று வருகின்றது. குடம் வாங்கிய நாள் தெரிகின்றது. குடம் அடித்தவர் பிறந்த நாள் தெரியவில்லை! இதுவே நம் கிராமத்துக் கலைஞர்களின் வரலாறு.

காலம் காத்திருக்காது

தாத்தாவோடு உடுக்கை அடித்த முதியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். அவரிடம் கேட்டால் குழுவில் இருந்தோர் பெயர், பாடிய ஊர், பாடிய கதை எல்லாம் தெரியும் என்றார் ஆச்சி. பார்டோக்கைப் போல நானும் எழுதி வைக்கலாம் என்று எண்ணினேன். ஆனால் பருவத் தேர்வு நெருங்கியிருந்தது. “தேர்வு முடியட்டும், போகலாம்” என்று இருந்துவிட்டேன்.

நவம்பரில் ஒரு நாள் அதிகாலை, ஒரு துக்க வீட்டுக்கு மாலை வேண்டும் என்று ஆள் வந்தது. ஊரையும் வீட்டையும் கேட்டபோது என் கை நின்றுவிட்டது. அந்த உடுக்கைக்காரரேதான். என் தந்தையார் கட்டிய மாலையை நானே கொண்டுபோனேன். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் சட்டைப் பையில் இருந்த தாளிலேயே கிடந்தன.

பெஸ்ஸி ஸ்மித்துக்கு 33 ஆண்டுகள் கழித்தேனும் ஒரு கல் கிடைத்தது. நம் ஊர்க் கலைஞர்களுக்கு நாம் கல் நாட்ட வேண்டியதில்லை. ஒரு தாள் போதும். அதில் நான்கு செய்திகள் எழுதினால் போதும்: பெயர், ஊர், வயது, பாடிய பாட்டு. நம் ஒவ்வொருவர் கையிலும் இன்று கைப்பேசி இருக்கின்றது. பார்டோக் தூக்கிச் சுமந்த கருவியினும் அது ஆயிரம் மடங்கு எளிது. பதிவு செய்யத் தேவை மனம் ஒன்றே.

நான் இப்போது ஆச்சியிடமிருந்து தொடங்கியிருக்கின்றேன். பூக்கட்டும்போது பாடுகின்ற பாட்டுகளில் இதுவரை பதினொன்றைப் பதிவு செய்து, ஒவ்வொன்றின் கீழும் ஆச்சியின் பெயர், ஊர், வயது, பாடிய தேதி ஆகியவற்றை எழுதியுள்ளேன். “இதெல்லாம் ஒரு பாட்டா மக்கா?” என்று சிரிக்கின்றார். ஆயினும் பாடுகின்றார்.

அன்புத் தோழர்களே, தோழியரே! வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு முதியவரிடம் சென்று ஒரே ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வாருங்கள். நம் கல்லூரி நூலகத்தில் அவற்றைத் தொகுத்து வைப்போம். தேர்வு முடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.