வாய்வா? மாரடைப்பா?

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். "ஒன்றும் இல்லை, வாய்வுதான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் அது மாரடைப்பாக இருந்தால்?

இப்படித் தவறிப்போகிறவர்கள் எத்தனை பேர்? அதனால் எத்தனை உயிர் போகிறது? இதைக் கணக்கு எடுப்பது எளிது அல்ல. ஏன் தெரியுமா?

சேராத பதிவேடுகள்

காயல்பட்டினத்தில் ஒருவர் இரவில் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாய்வு என்று சொல்ல, வீடு திரும்புகிறார். 3 நாள் கழித்து மறுபடியும் வலி. இந்தத் தடவை, 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறார்கள்.

தூத்துக்குடிப் பதிவேட்டில் "மாரடைப்பு" என்று இருக்கும். உள்ளூர்ப் பதிவேட்டில் "வாய்வு" என்றே இருக்கும்! முதலில் பார்த்த டாக்டருக்குத் தவறு நடந்ததே தெரியாது.

100-க்கு 2 பேர்

அமெரிக்காவில் 10 ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 10,689 பேரை ஆராய்ந்தார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களையும் விடவில்லை. முடிவு 2000-ம் ஆண்டில் வெளிவந்தது.

அவர்களில் மாரடைப்பு வந்தவர்கள் 889 பேர். அந்த 889 பேரில் 19 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு இருந்தார்கள். அதாவது, 100-க்கு 2 பேர்!

யாரைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம்? 55 வயதுக்குக் குறைந்த பெண்கள், மூச்சுத்திணறலை மட்டும் முக்கியமாகச் சொன்னவர்கள், இ.சி.ஜி.யில் கோளாறு தெரியாதவர்கள்.

கணக்கு எடுக்கும் வழி

2018-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வழிகளைச் சொன்னார்கள்.

ஒன்று, பின்னோக்கிப் பார்ப்பது. மாரடைப்பு வந்தவர், சில நாளுக்கு முன்பு நெஞ்சு வலி என்று வந்து திரும்பினாரா?

மற்றொன்று, முன்னோக்கிப் பார்ப்பது. வாய்வு என்று அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேருக்குச் சில நாளில் மாரடைப்பு வந்தது? வேறு நோய்க்கு வந்துபோனவர்களைவிட அது அதிகமா? அதிகமாக இருந்தால், அதுதான் தவறின் அளவு.

நாம் செய்யவேண்டியது

நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடையில் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்கக்கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஒரு இ.சி.ஜி. சரியாக இருந்தால் மட்டும் போதாது. வலி தொடர்ந்தால், மறுபடியும் எடுக்கவேண்டும். "டிரோபோனின்" என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. இவை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது தவறு அல்ல.

தமிழ்நாட்டில் 2023-ல் "இதயம் காப்போம்" திட்டம் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியுடன் வருகிறவர்களுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்தைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது இதன் நோக்கம்.

இன்னொன்று: ஆஸ்பத்திரிச் சீட்டையும் இ.சி.ஜி. தாளையும் எறிந்துவிடாதீர்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் அதைக் காட்டுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாற்றம் டாக்டருக்குத் தெரியும். அது உயிரைக் காக்கலாம்!