பானையின் அடியில் ஒரு பெயர்

1

'ஸ்டுடியோ பாட்டர்' என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் அமையவில்லை. குயவர் என்றால் சாதி வந்து நிற்கிறது. மட்பாண்டக் கலைஞர் என்றால் அரசு விருதுப் பட்டியலின் வாடை அடிக்கிறது. இதை மொழியின் வறுமை என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. மண்ணை வனைகிற இரண்டு பேரை ஒரே சொல்லால் அழைக்க நாம் தயங்குகிறோம் என்பதுதான் விஷயம். அந்தத் தயக்கத்தைப் பற்றியே இங்கு எழுத நினைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் குயவர் வீட்டுப் பிள்ளை. கடலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா சக்கரம் சுற்றியதை என் பத்து வயது வரை பார்த்திருக்கிறேன். எவர்சில்வரும் பிளாஸ்டிக் குடமும் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த பிறகு, சக்கரம் கொல்லையில் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டது. எம்.ஏ. தமிழ் படிக்கப் போன இடத்தில் 'அப்பா என்ன பண்றார்' என்று கேட்டவர்களுக்கு 'விவசாயம்' என்று பொய் சொன்னவன் நான். ஆகவே இக்கட்டுரையில் நடுநிலை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சென்ற ஆண்டு புதுச்சேரிக்கு அருகே ஒரு மட்பாண்டப் பட்டறையில் பதினோரு நாட்கள் தங்கியிருந்தேன். பட்டறையை நடத்துபவர் நாற்பதுகளில் உள்ள பெண். கட்டடக்கலை படித்துவிட்டு மண்ணுக்கு வந்தவர். அவரோடு எங்கள் சாதியைச் சேர்ந்த உதவியாளர் ஒருவரும் வேலை செய்கிறார். அவர் அவரை 'அண்ணா' என்கிறார். இவர் 'மேடம்' என்கிறார். பட்டறையில் பேச்சு பெரும்பாலும் மண்ணின் ஈரத்தைப் பற்றித்தான்.

2

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த வேலை என்றால் சுழலும் சக்கரமும் அதன்மேல் எழும் பானையும்தான். உண்மையில் சக்கரத்தின் முன் உட்காருவது நாளில் மூன்று மணிநேரம்கூட இல்லை.

காலை ஆறு மணிக்கு மண் பிசைதல் தொடங்குகிறது. ஊர்க் குயவர் ஏரி வண்டலையும் மணலையும் கலந்து காலால் மிதிப்பார். இங்கே களிமண்ணோடு பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் அளந்து சேர்த்து, சலித்து, புளிக்க வைத்து, பிறகு கையால் சுருள் சுருளாகப் பிசைகிறார்கள். உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் சக்கரத்தில் சுவர் கோணும். சரியாகக் காயாத தடித்த பகுதி சூளையில் வெடிக்கும். உள்ளே சிக்கிய ஈரம் நீராவியாகித் தெறிப்பதே அதற்குக் காரணம். இதெல்லாம் எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. வீட்டில் பார்த்திருந்தும் கேட்டதில்லை.

பிறகு சக்கரம். மண்ணுருண்டையை நடுவில் நிறுத்துவதுதான் கஷ்டம். அது நின்றுவிட்டால் குழி விடுவதும் சுவர் எழுப்புவதும் அதன்பின் வந்துவிடும். இருபது கோப்பைகளை ஒரே அளவில் வனைந்து, நூலால் அறுத்துப் பலகையில் வைக்கிறார்கள். மறுநாள் அவை தோல் பதத்துக்கு வரும். அழுத்தினால் நெளியாமலும் கத்தி பட்டால் சீவுகிற மாதிரியும் இருக்கிற பதம் அது. அப்போது கவிழ்த்து வைத்து அடியைச் செதுக்க வேண்டும். கைப்பிடி ஒட்ட வேண்டும். புதுச்சேரி வெயிலில் ஒரு மணிநேரம் கவனம் தப்பினால் பதம் போய்விடும். ஈரத்துணி போர்த்துவதும் எடுப்பதுமாகவே மதியம் கழிகிறது. ஸ்டுடியோ பாட்டரின் நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, மண்ணின் ஈரம்தான் தீர்மானிக்கிறது என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் மாதக்கடைசியில் உணவகத்துக்குக் கொடுக்க வேண்டிய அறுபது தட்டுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

நன்றாகக் காய்ந்தபின் ஏறத்தாழ 950 டிகிரியில் முதல் சூடு. பிறகு மெருகுக் கரைசலில் முக்கி எடுத்து, 1280 டிகிரிக்கு மேல் இரண்டாவது சூடு. இந்த மெருகு சும்மா சாயம் பூசுவதல்ல. பாறையையும் சாம்பலையும் அரைத்து, கோப்பையின் மேல் கண்ணாடியாக உருக வைப்பது. சவுக்குச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, உமிச் சாம்பலில் சிலிக்கா. இரும்பு கலந்த அதே கரைசல், சூளைக்குள் காற்றைத் தாராளமாக விட்டால் தேன்நிறமாகவும், காற்றைக் குறைத்தால் சாம்பல் பச்சையாகவும் மாறுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய, குறிப்பிட்ட சூட்டில் வளைந்து தலைசாயும் சிறு கூம்புகளை வைக்கிறார்கள். 1886இல் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் உருவாக்கிய முறை அது. எங்கள் அப்பா சூளையின் நெருப்பு நிறத்தைப் பார்த்தே சொல்வார். இரண்டும் அறிவுதான். ஒன்று எழுதி வைக்கப்பட்டது, மற்றொன்று எழுதப்படாமல் போனது.

சூளை மூட்டிய அன்று யாரும் தூங்கவில்லை. விடியற்காலை தொடங்கி இரவு பத்து மணிவரை விறகு போட்டுக்கொண்டே இருந்தோம். ஆற விட்டு, மூன்றாம் நாள் திறந்தபோது நூற்று நாற்பதில் இருபத்திரண்டு வீண். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து எந்தத் தட்டில் எது கெட்டது என்று எழுத ஆரம்பித்தார்.

3

இந்த 'ஸ்டுடியோ' என்ற சொல்லாடல் எங்கிருந்து வந்தது? 1920இல் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியரான ஹமாடா ஷோஜியும் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை தொடங்கியதிலிருந்து இதன் கதையைச் சொல்வது வழக்கம். தொழிற்சாலைப் பீங்கானுக்கு எதிராக, ஒருவரே மண்ணையும் உருவையும் நெருப்பையும் முழுதாகக் கையாள்வது என்பது அதன் கொள்கை. லீச்சின் 'எ பாட்டர்ஸ் புக்' 1940இல் வெளியானது. உலகெங்கும் மண்ணுக்கு வந்த படித்தவர்களின் வேதமாக அது ஆயிற்று. இவர்களுடைய நண்பர் யானகி சோயெட்சு, பெயரற்ற எளிய கைவினைஞர் செய்த அன்றாடப் பாண்டங்களில்தான் உயர்ந்த அழகு இருக்கிறது என்று வாதிட்டார். அதற்காகவே டோக்கியோவில் 1936இல் ஒரு அருங்காட்சியகத்தையும் திறந்தார்.

இந்தியாவில் குர்சரண் சிங் 1919இல் ஜப்பான் போய் இதே வட்டத்தோடு பழகினார். 1952இல் டெல்லியில் 'டெல்லி ப்ளூ' பட்டறையைத் தொடங்கினார். தெற்கே, அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை நிறுவினர். டெபோரா ஏற்கெனவே ஜப்பானின் பிசென்னில் வேலை கற்றவர். மீக்கர் பச்சைமண் செங்கல்லால் வீடே கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்க்கும் பரிசோதனைகளை எண்பதுகளின் நடுவிலிருந்து செய்தார். அங்கே கற்றவர்கள் நாடெங்கும் பட்டறை வைத்தார்கள். அங்கே வேலை செய்த உள்ளூர்த் தமிழர்களில் சிலரும் புதுச்சேரியைச் சுற்றித் தனியே பட்டறை வைத்தார்கள். கண்காட்சிக் கையேடுகளில் முதல் வகையினரின் வாழ்க்கைக் குறிப்பு இருக்கும். இரண்டாம் வகையினரைச் சாலையோரக் கடைகளில் பார்க்கலாம்.

யானகியின் 'பெயரற்ற கைவினைஞர்' கருத்தாக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. பெயரற்றவரைப் புகழ்ந்து எழுதுகிறவருக்குப் பெயர் இருக்கிறது. ஹமாடா மாஷிகோவுக்குத் திரும்பிய பிறகு தன் பாண்டங்களில் முத்திரை இடுவதை விட்டார். ஆனால் பாண்டத்தை வைக்கும் மரப்பெட்டியில் கையெழுத்திட்டார். 1955இல் ஜப்பான் அரசு அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது. முத்திரையை விடுவது அவருக்கு ஒரு தேர்வாக இருந்தது. எங்கள் அப்பாவிடம் விடுவதற்கென்று முத்திரையே இருக்கவில்லை.

4

பட்டறையில் நான் அதிகம் கவனித்தது ஒரு சின்னச் செயல். அடி செதுக்கி முடித்ததும், மெருகேறாத அந்த வட்டத்தின் ஓரத்தில் சிறு முத்திரையை அழுத்துவார். ஒரு நொடி வேலை. கோப்பையின் விலை அந்த நொடியில்தான் மாறுகிறது.

பட்டறையிலிருந்து தெற்கே போனால் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியின் அரெட்சோ வகைச் சிவப்புப் பாண்டத் துண்டுகள் முத்திரையோடு கிடைத்தன. அந்த இடத்தின் காலத்தைக் கணிக்க அவருக்கு உதவியவை அவை. அரெட்சோ முத்திரைகள் பலவற்றில் பட்டறை முதலாளியின் பெயரோடு, வனைந்த அடிமையின் பெயரும் உண்டு. மார்கஸ் பெரென்னியஸின் பட்டறையில் செய்த கிண்ணத்தில் 'பெரென்னியஸின் செர்தோ' என்று இருக்கும். அடிமைக்கும் முத்திரையில் இடம் கிடைத்தது. ஆனால் இன்னாருக்கு உடைமையானவன் என்பதாகவே கிடைத்தது.

நம்முடைய பானைகளை எடுத்துக்கொள்வோம். கீழடியிலும் கொடுமணலிலும் தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கிடைத்திருக்கின்றன. அவை பெரும்பாலும் பானையைச் சுட்டபிறகு கீறியவை, அதாவது பானை வைத்திருந்தவரின் பெயர்கள் என்றே கொள்ளப்படுகின்றன. வனைந்தவரின் பெயர் இல்லை. புறநானூற்றில் வேட்கோவை விளித்து ஈமத்தாழி கேட்கும் பாடல்கள் இரண்டு உண்டு. 228ஆம் பாட்டு ஐயூர் முடவனார் பாடியது. 256ஐப் பாடியவர் பெயர் தெரியவில்லை. கணவனை இழந்த பெண்ணின் குரலில் அமைந்த அந்தப் பாட்டில், தாழி செய்பவருக்கும் பெயரில்லை, கேட்பவளுக்கும் இல்லை, பாடியவருக்கும் இல்லை. வகுப்பில் இதைப் படித்தபோது ஆசிரியர் உவமையை விளக்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்; அந்தக் குயவரை யாராவது என்னோடு சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

'ஆசிரியன் என்பவன் யார்' என்று 1969இல் பூக்கோ கேட்டபோது, பிரதிகளின் மேல் பெயர் ஏறியது, எழுதியவன் தண்டிக்கப்படக்கூடியவன் ஆனபோதுதான் என்றார். நம் சிற்றிதழ்களில் ஆசிரியனின் மரணம் எவ்வளவோ முறை அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு முறைகூடப் பெயர் இடாத ஒரு சமூகத்துக்கு அந்த மரண அறிவிப்பு எப்படிப் பொருந்தும்? பிறப்பே பதிவாகாதவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்த கதைதான்.

பெயர் இடாததைத் தாழ்வு என்று மட்டும் படித்துவிடவும் முடியாது. புதுக்கோட்டைப் பக்கத்தில் வேளார்கள் அய்யனாருக்குப் புரவி செய்கிறார்கள். ஊர் கூடிப் பிடிமண் கொடுத்த பிறகே வேலை தொடங்கும். செய்து முடித்துக் கண் திறந்து, புரவி எடுப்பில் கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதன்பின் வெயிலும் மழையும் அதைக் கரைக்கும். பழையதை யாரும் பழுதுபார்ப்பதில்லை. அடுத்த முறை புதிதாகச் செய்வார்கள். வேளாரே பூசாரியாக இருக்கும் கோயில்களும் உண்டு. அங்கே வேளாருக்குக் கையெழுத்து தேவையில்லை, ஏனென்றால் ஊரே சாட்சி. ஊர் என்ற அந்தச் சாட்சி கலைந்துபோன இடத்தில், பானை கடைக்கு வந்துவிட்ட இடத்தில், பெயரில்லாமல் இருப்பதற்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

5

பட்டறைக் கோப்பைகளில் பாதிக்கு மேல் வனைபவர் உதவியாளர்தான். வடிவம் அவருடையதல்ல; மெருகுக் கணக்கும் அவருடையதல்ல. முத்திரை பட்டறையினுடையது. எட்டாம் நாள் தயங்கித் தயங்கி இதைக் கேட்டேன். பட்டறைக்காரர் கோபப்படவில்லை. "நானும் யோசிச்சிருக்கேன். ரெண்டு பேர் போட்டா, வாங்குறவங்க இதுல உங்களோடது எதுன்னு கேப்பாங்க. இவர் செஞ்சதுக்கு விலைய குறைப்பாங்க. அப்புறம் இவருக்குத்தான் நஷ்டம்" என்றார். இதில் பொய் இல்லை. செயின்ட் ஐவ்ஸிலும் உதவியாளர்கள் வனைந்த அன்றாடப் பாண்டங்களுக்குப் பட்டறை முத்திரை, லீச் தானே செய்தவற்றுக்கு அவர் பெயரெழுத்து என்று இருந்தது. சந்தையில் அந்த எழுத்துக்கு ஒரு விலை உண்டு.

உதவியாளரிடம் தனியே கேட்டேன். "பேரு எதுக்கு தம்பி, சம்பளத்த கூட்டிக் குடுத்தா போதும்" என்று சிரித்தார். பிறகு ஒரு கோப்பையை எடுத்து, கைப்பிடி அடியில் சேரும் இடத்தைக் காட்டினார். கட்டைவிரல் பதிந்த சின்னப் பள்ளம். "மேடம் அழுத்துனா இது நேரா இருக்கும். நான் அழுத்துனா இடதுபக்கம் சாயும். எதுன்னு எனக்குத் தெரியும்." கைப்பிடியைப் பற்றி ஜெர்மானியச் சிந்தனையாளர் கியோர்க் சிம்மல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தனக்குள் முழுமையான ஒரு கலைப்பொருள், வெளியுலகின் கையோடு சேருமிடம் கைப்பிடி என்பது அதன் சாரம். அந்த இடத்தில் யாரும் படிக்காத ஒரு விரல்ரேகை இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது ஒரு கோப்பை வாங்கிக்கொண்டேன், அறுநூறு ரூபாய். ஊரில் அப்பாவிடம் கொடுத்தேன். பட்டறைகளைப் பற்றி இத்தனை படித்த நான், அவரிடம் ஒரு பானையைக் காட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கவிழ்த்துப் பார்க்கவில்லை. விரலை மடக்கித் தட்டிச் சத்தம் கேட்டார். சுட்ட பானையை அப்படித்தான் சோதிப்பார்கள்.

"நல்லா வெந்திருக்கு. தண்ணி கசியாது போலிருக்கே."

"ஆமாம்பா. ஆயிரத்து இருநூத்து எம்பது டிகிரி."

"கசிஞ்சாத்தான்டா பானை. அப்பத்தான் தண்ணி ஜில்லுன்னு இருக்கும்" என்றார். பிறகு விலை கேட்டார். சொன்னேன். கொஞ்சநேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல் தானாகவே கைப்பிடிக்குக் கீழே இருந்த அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"அதுல வனைஞ்சவனுக்கு எவ்ளோ?" என்றார்.

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு டீ ஊற்றச் சொன்னார்.