ஹெமிங்வேயும் 57 அங்குலக் கொம்பும்

பி.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு

வேட்டை என்றதும் நம் கண்முன் வருவது ஒரு புகைப்படம். மாண்டு கிடக்கும் விலங்கின் அருகே துப்பாக்கியை ஊன்றியபடி ஒருவர் பெருமிதத்தோடு நிற்பார். படம் எடுக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை. நான் இங்கே எழுதப் போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். பெரும் பொருட்செலவில் ஆப்பிரிக்காவுக்குச் சென்று, இடையில் நோயில் விழுந்து, கூட வந்த நண்பரிடம் மீண்டும் மீண்டும் தோற்று, மனம் கசந்த ஒரு வேட்டைக்காரரின் கதை இது. அவர் வேறு யாருமல்லர்; 'கடலும் கிழவனும்' என்று தமிழிலும் வந்துள்ள நாவலை எழுதிய எர்னஸ்ட் ஹெமிங்வேதான்.

அவரை நான் தேடிப் போகவில்லை. நம் கல்லூரி நூலகத்தில், அட்டை கிழிந்த 'ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்' என்ற பொருள்படும் ஆங்கில நூல் ஒன்றை, விலங்கியல் நூல் என்று எண்ணி எடுத்து வந்துவிட்டேன். அகராதியும் கையுமாகப் படித்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. விலங்குகளைப் பற்றி அதில் கொஞ்சம் இருந்தது. பொறாமையைப் பற்றி நிறைய இருந்தது.

'சஃபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பது அதன் பொருள். அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ஆம் ஆண்டு கிழக்காப்பிரிக்காவுக்குப் பெரும் வேட்டைப் பயணம் மேற்கொண்டார். அச்செய்திகள் அமெரிக்கச் சிறுவர்களின் நெஞ்சில் தீ மூட்டின. அன்று ஹெமிங்வேக்கு வயது 10. மிச்சிகன் காடுகளில் தந்தையிடம் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்ட சிறுவன் அவர். அன்று கண்ட கனவு நிறைவேற 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் அவர் பணத்தில் நிறைவேறவில்லை. அவருடைய இரண்டாம் மனைவி பாலினின் செல்வந்தச் சிற்றப்பா கொடுத்த 25,000 டாலரில்தான் நிறைவேறியது. உடன் வருமாறு அழைக்கப்பட்ட நண்பர்களில் இருவர் மறுத்துவிட்டனர். கீ வெஸ்ட் தீவில் வணிகம் செய்துவந்த சார்லஸ் தாம்சன் மட்டும் வர இசைந்தார். அமைதியான மனிதர், புகழை நாடாதவர். அவரே ஹெமிங்வேயின் தலைவலியாக மாறப் போகிறார் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

1933 டிசம்பரில் மூவரும் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கினர். வழிகாட்டியாக அமைந்தவர் பிலிப் பெர்சிவல். அன்று ரூஸ்வெல்ட்டுடன் வேட்டையாடிய அதே பெர்சிவல்! சிறுவயதுக் கனவில் வந்த மனிதரே எதிரில் நின்றால் எதிர்பார்ப்பு எவ்வளவு உயரும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

முதல் அடி சிங்கத்திடமிருந்து வந்தது. சிங்கம் பாயவில்லை, கர்ச்சிக்கவில்லை. பாலின் சுட்டார், ஹெமிங்வேயும் சுட்டார், அது விழுந்தது, அவ்வளவுதான். பணியாளர்கள் அந்தச் சிங்கத்தை வீழ்த்தியவர் அம்மையாரே என்று கொண்டாடினார்கள். தாங்கள் பணம் கொடுத்து வந்தது இந்தக் காட்சியைக் காண்பதற்கல்ல என்ற கருத்தை ஹெமிங்வே தம் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காடு நமக்காக நாடகம் நடத்துவதில்லை என்பதை முதன்முதல் செல்பவர் எவரும் அறிவதில்லை.

அடுத்த அடியைக் கொடுத்தது கண்ணுக்கே தெரியாத ஓர் உயிரி. விலங்கியல் மாணவர்களுக்கு அது பழைய நண்பன்: எண்டமீபா ஹிஸ்டோலிடிகா. இந்த ஓரணு உயிரியின் கூடுகள் அசுத்தமான நீர் வழியாகவும் உணவு வழியாகவும் குடலை அடைகின்றன. அங்கே உறை நீங்கி வெளிப்படும் அமீபா பெருங்குடலின் உட்சுவரை அரித்துப் புண்ணாக்குகிறது. குருதியும் சீதமும் கலந்து போகும். இதுவே அமீபா சீதபேதி. 1934 ஜனவரியில் செரங்கெட்டிச் சமவெளியில் ஹெமிங்வே இந்நோயால் நடக்க முடியாத நிலைக்கு வந்தார். சிறிய விமானம் ஒன்று வரவழைக்கப்பட்டு, கிளிமஞ்சாரோ மலையின் ஓரமாகப் பறந்து, அவரை நைரோபியில் கொண்டு சேர்த்தது. அங்கு எமட்டின் ஊசி போடப்பட்டது. தென்னமெரிக்கச் செடியான இபிகாக்கின் வேரிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. அமீபாவைக் கொல்லும், அளவு மிஞ்சினால் நோயாளியின் இதயத்தையும் தாக்கும். இன்று அந்த இடத்தை மெட்ரோனிடசோல் மாத்திரை பிடித்துவிட்டது.

ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம். அதில் ஒரு வாரத்துக்கு மேல் படுக்கைக்குப் போயிற்று. தேறி வந்தவருக்கு நாட்கள் குறைந்துவிட்டன என்ற பதற்றம் பிடித்துக்கொண்டது. மழைக்காலம் வேறு நெருங்கிக் கொண்டிருந்தது. மழை தொடங்கிவிட்டால் பாதை சேறாகும், வண்டி நகராது.

இனித்தான் தாம்சனின் முறை. ஹெமிங்வே நெடுந்தொலைவிலிருந்து குறி தவறாமல் சுட்டு ஒரு காண்டாமிருகத்தை வீழ்த்தினார். மகிழ்ச்சியோடு முகாமுக்குத் திரும்பினால், அங்கே தாம்சன் கொண்டு வந்த காண்டாமிருகத் தலை கிடந்தது. தம்முடையதைப் போல் அது இரு மடங்கு இருந்ததாக ஹெமிங்வே எழுதுகிறார். நூலில் தாம்சனுக்குக் 'கார்ல்' என்று பெயர் மாற்றிவிட்டாரே தவிர, தமக்கு வந்த எரிச்சலை மாற்றவில்லை.

எஞ்சியிருந்தது குடு. இது ஆப்பிரிக்காவின் பெரிய மான்போன்ற விலங்குகளுள் ஒன்று. சாம்பல் படர்ந்த பழுப்பு உடலில் மெல்லிய வெண்கோடுகள் இறங்கும். பெரிய குடுவில் ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. திருகாணி போல் முறுக்கிக்கொண்டு மேலே போகும் அந்தக் கொம்பை அளக்கும்போது அடியிலிருந்து நுனிக்கு நேர்க்கோடு இழுப்பதில்லை. முறுக்கின் வளைவோடு நாடாவை ஓட்டி அளப்பார்கள். இவ்வளவு பெரிய விலங்கு புதருக்குள் நின்றால் பத்தடி தூரத்திலும் தெரியாது என்கிறார்கள். உப்பு மண்ணை நக்க அது வரும் இடத்தில் மறைந்திருப்பதே வழி. ஹெமிங்வே அப்படி ஒரு மறைவிடத்தில் நாட்கணக்கில் காத்திருந்தார். ஒரு நாள், குடு வரும் நேரம் பார்த்து, ஆஸ்திரியர் ஒருவரின் பழுதடைந்த லாரி தடதடவென்று சத்தமிட்டுக் கொண்டு அவ்வழியே வந்தது. காடே ஓடிவிட்டது! நூல் தொடங்குவதே இந்த லாரியில்தான்.

கடைசி நாட்களில் அதிர்ஷ்டம் திரும்பியது. யாரும் வேட்டையாடாத புதிய இடத்தில் ஒரே மாலையில் இரண்டு ஆண் குடுக்கள் கிடைத்தன. அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மறுநாள் சேபிள் என்னும் கரிய மறிமான் மீது ஆசை போயிற்று. ஆண் என்று எண்ணிச் சுட்டது பெண்ணாக இருந்தது. ஆணைச் சுட்டபோது குண்டு வயிற்றில் பாய்ந்தது. கொளுத்தும் வெயிலில் குருதித் தடத்தைத் தொடர்ந்தும் அது அகப்படவே இல்லை. இரவில் கழுதைப்புலிகள் அதைக் கண்டுபிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். 1930-இல் கார் விபத்தொன்றில் கை முறிந்து பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தவர் அவர். குண்டடி பட்ட விலங்கின் வலி எப்படிப்பட்டது என்பதை அந்தப் படுக்கையில் எண்ணிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால், பெரிய கொம்பு கிடைக்காததை விட இந்தத் தப்பிய விலங்குதான் அப்பயணத்தின் உண்மையான துயரம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பிறந்த நமக்கு மற்றதெல்லாம் சற்று வேடிக்கையாகவும் படலாம்.

ஆயினும் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு குடுத் தலைகளோடு பெருமை பொங்க முகாமுக்கு வந்தார் ஹெமிங்வே. அங்கே தாம்சனும் ஒரு குடுவோடு திரும்பியிருந்தார். கொம்பை அளந்தார்கள். 57 அங்குலம்! நம் கணக்கில் 145 சென்டிமீட்டர். முந்திய நிமிடம் வரை உலகிலேயே அழகாக இருந்த தம் கொம்புகள் ஒரே நொடியில் சிறுத்துப் போயின.

இந்த இடத்தைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன். முதலாண்டுத் தேர்வு முடிவு வந்த நாள் நினைவுக்கு வந்தது. விலங்கியலில் 61 வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே 61 என்பது எனக்கு மலை. விடுதிக்கு ஓடி வந்தால் அறைத் தோழன் 84 என்றான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குப் போனதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "தேறிட்டியாப்பா?" எத்தனை என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்கு அன்று கோபத்தைத்தான் தந்தது.

ஹெமிங்வேக்கும் அன்றிரவு நல்ல இரவன்று. தாம்சனைப் பாராட்டினார், ஆனால் பாராட்டு தொண்டையில் சிக்கியது. போட்டி மனம் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது என்பதை வழிகாட்டியும் அவரும் பேசிக்கொள்கிறார்கள். நீ எப்படிச் சுட்டாய் என்ற நினைவுதான் உனக்கு உண்மையில் மிஞ்சுவது என்ற பொருளில் வழிகாட்டி ஆறுதல் கூறுகிறார். உடன் வந்த ஆப்பிரிக்கத் தடம் காண்போர் ஹெமிங்வேயின் கட்டை விரலைப் பிடித்து இழுத்துக் கைகுலுக்கியிருந்தார்கள். அது ஏறக்குறைய உடன்பிறப்பாக ஏற்றுக்கொள்வது போன்ற மரியாதை என்பது அவருக்குப் பிறகே விளங்குகிறது. அந்த மரியாதையில் அங்குலக் கணக்கு இல்லை. காலையில் கசப்பு பெரும்பாலும் தணிந்திருந்தது.

ஆனால் முழுமையாகத் தேறியது அங்கன்று, எழுத்து மேசையில். அதுவும் உடனே கைகூடவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதினால் கற்பனைக் கதைக்கு ஈடாகுமா என்று சோதித்துப் பார்க்க விரும்பி, 1935-இல் 'ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்' நூலை வெளியிட்டார். விமரிசகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினர். விற்பனையும் எதிர்பார்த்தபடி இல்லை. வேட்டையில் ஒரு தோல்வி, அதை எழுதியதில் இன்னொரு தோல்வி! இருந்தும் அந்நூலில் ஒரு துணிவைக் காண்கிறேன். தம் பொறாமையையும் சிறுமையையும் ஒரு பெரிய எழுத்தாளர் தம் கையாலேயே எழுதிக் கொடுப்பது எளிதன்று. தம்மை உயர்த்திக் காட்ட நினைத்திருந்தால் அந்த 57 அங்குலத்தை அவர் மறைத்திருக்கலாம்.

மறு ஆண்டு, 1936-இல், அதே பயணத்தின் உடைந்த துண்டுகளிலிருந்து இரண்டு சிறுகதைகள் பிறந்தன. இன்றும் உலகின் சிறந்த சிறுகதைகளுள் வைத்து எண்ணப்படுபவை அவை.

ஒன்று 'கிளிமஞ்சாரோவின் பனி'. முள் கீறிய காயத்தில் அயோடின் தடவாமல் விட்டதால் கால் அழுகி, ஆப்பிரிக்க முகாமில் சாகக் கிடக்கும் ஓர் எழுத்தாளனின் கதை. செல்வச் சீமாட்டியை மணந்து, எழுத வேண்டியவற்றை எழுதாமலே காலத்தைக் கழித்துவிட்டோமே என்று அவன் புலம்புகிறான். அவன் எதிர்பார்த்துக் கிடக்கும் விமானம் எங்கிருந்து வந்தது என்று இப்போது நமக்குத் தெரியும். சீதபேதியோடு படுத்திருந்த ஹெமிங்வேயைத் தூக்கிச் சென்ற விமானம்தான் அது. அந்தச் சீமாட்டிக்கும் ஒரு மூலம் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு மீண்டும் போகப் பணம் சம்பாதிக்க வேண்டும் என்று நியூயார்க்கில் செய்தியாளர்களிடம் ஹெமிங்வே சொன்னாராம். அதைப் படித்த செல்வச் சீமாட்டி ஒருவர் தேநீருக்கு அழைத்து, பணம் நான் தருகிறேன் என்றாராம். மறுத்துவிட்டு வந்தவர், ஏற்றிருந்தால் தாம் என்ன ஆகியிருப்போம் என்று எண்ணிப் பார்த்ததில் கதை உருவாயிற்று. இதைப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். கதையின் முகப்பில் மலையுச்சியருகே உறைந்து கிடக்கும் சிறுத்தையும் வெறுங்கற்பனையன்று. 1926-இல் ரிச்சர்ட் ராய்ஷ் என்ற சமயப் பணியாளர் கிளிமஞ்சாரோவில் அப்படி ஒரு சிறுத்தையின் உடலைக் கண்டார். 5,895 மீட்டர் உயரமுள்ள மலையில் அதற்கு என்ன வேலை?

மற்றது பிரான்சிஸ் மகோம்பர் என்பவனின் கதை. சிங்கத்தைக் கண்டு மனைவியின் கண்ணெதிரே ஓடிப்போகும் ஒருவன், அடுத்த நாள் எருமை வேட்டையில் அச்சத்தை உதறுகிறான்; அந்த நிமிடமே மனைவியின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறான். இக்கதையில் குண்டடி பட்டுப் புல்லுக்குள் படுத்திருக்கும் சிங்கத்தின் வலி, சிங்கத்தின் பக்கம் நின்றே சொல்லப்படுகிறது. தப்பிய சேபிளைத்தான் அவர் இங்கே தேடிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

20 ஆண்டுகள் கழித்து, 1953-இல், நான்காம் மனைவி மேரியோடு மீண்டும் கிழக்காப்பிரிக்கா சென்றார். ஓய்வு பெற்றிருந்த பெர்சிவல் அவருக்காகத் திரும்பி வந்தார். உடன் வந்த நண்பர் ஒருவர் இம்முறையும் ஹெமிங்வேயை விட நன்றாகச் சுட்டார்! ஆனால் இப்போது அவருக்குச் சுடுவதைவிட விலங்குகளைப் பார்த்துக் கொண்டிருப்பதே பிடித்திருந்தது. அவ்வட்டாரத்தின் கௌரவ வனவிலங்குக் காவலராகவும் இருந்தார். 1954 ஜனவரி 23, 24 ஆகிய இரு நாட்களிலும் அடுத்தடுத்து விமான விபத்து. அவர் இறந்துவிட்டதாக உலக நாளிதழ்கள் அச்சிட்டுவிட்டன. தம் இரங்கல் செய்தியைத் தாமே படிக்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்! அவ்வாண்டே நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. உடல்நலக் குறைவால் விழாவுக்குப் போக முடியவில்லை.

கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. அன்றைய தங்கனிகாவை உள்ளடக்கிய தான்சானியாவில் உரிமம் பெற்று வேட்டையாடலாம். ஹெமிங்வேயின் மகன் பாட்ரிக் அங்கே தொழில்முறை வேட்டை வழிகாட்டியாக வாழ்ந்து, பிறகு கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் ம்வேகா என்னுமிடத்தில் உள்ள வனவிலங்கு மேலாண்மைக் கல்லூரியில் ஆசிரியரானார். தந்தை இரண்டாம் பயணத்தைப் பற்றி எழுதி முடிக்காமல் விட்டுச் சென்ற கையெழுத்துப் படியைச் சுருக்கி, 1999-இல் நூலாக்கியவரும் அவரே. நம் நூலகத்தில் அது இல்லை. கேட்டு எழுதியிருக்கிறேன்.