கியர் மாற்றும்போது கார் ஏன் குதிக்கிறது?

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுணுக்குப் போகும் வழியில் இருக்கிறது, 1973-ல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம். மாலை நெரிசலில் அதன் ஏற்றத்தில் ‘எல்’ போர்டு மாட்டிய கார் ஒன்று இரண்டு துள்ளு துள்ளி ஆஃப் ஆகி நிற்பது வழக்கமான காட்சி. பின்னால் ஹாரன்கள் அலறும். பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர், “கிளட்ச்சைப் பைய விடுங்க” என்பார். சரியான அறிவுரைதான். எந்த இடத்தில் பைய விட வேண்டும், எதற்காக என்பதையும் சேர்த்துச் சொன்னால், கற்பவரின் பயத்தில் பாதி போய்விடும்.

பெட்ரோல் எஞ்சின் சும்மா ஓடும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று சுற்றும். அதைவிட மிகவும் குறைந்தால் நின்றுவிடும். நிற்கும் காரின் சக்கரத்துக்கோ சுற்றே கிடையாது. இந்த இரண்டையும் இணைப்பது கிளட்ச். எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், கியர்பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் பிளேட் மறுபக்கம். பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும். விட்டால் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசி, ஒரே வேகத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் கூடவே நாலு எட்டு ஓடித் தன் வேகத்தைச் சரிசெய்வதுபோல, இந்த உரசலுக்கும் சிறிது அவகாசம் வேண்டும்.

பெடல் மேலே வரும் தூரம் முழுவதும் இந்த உரசல் நடப்பதில்லை. நடுவில் ஒரு சிறு பகுதியில்தான் கிளட்ச் ‘பிடிக்கும்’. அப்போது எஞ்சின் சத்தம் சற்றுத் தாழும், வண்டியில் மெல்லிய அதிர்வு தெரியும். கால் நிதானிக்க வேண்டிய இடம் அதுதான். ஆளில்லாத சமதரையில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் விட்டு வண்டியை ஊர்ந்து நகர வைத்துப் பழகினால், அந்த இடம் பாதத்துக்குப் பிடிபட்டுவிடும்.

இனி கியர் மாற்றத்துக்கு வருவோம். சிறிய கார் ஒன்றின் டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 167 சுற்று சுற்றும். முதல் கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் 14 சுற்று, இரண்டாம் கியரில் 8 சுற்று என்றால், முதல் கியரில் எஞ்சின் வேகம் ஏறத்தாழ 2,300. இரண்டாம் கியருக்குத் தேவைப்படுவதோ 1,300. கியர் மாற்றும் சில நொடிக்குள் எஞ்சின் 1,000 சுற்றைக் குறைத்தாக வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது தானே இறங்கும். இறங்குவதற்குள் கிளட்ச்சைப் பட்டென்று விட்டால், மிஞ்சிய வேகமெல்லாம் வண்டியை முன்னே தள்ளும். தலை பின்னுக்குச் சாயும். கீழ் கியருக்கு வரும்போது கணக்கு தலைகீழ். எஞ்சின் வேகம் கூட வேண்டும் என்பதால், கிளட்ச்சை விடுமுன் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டினால் குலுக்கல் அடங்கும்.

பழைய லாரி ஓட்டுநர்கள் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வேக வித்தியாசத்தையும் தாங்களே சரிசெய்ய வேண்டியிருந்தது. நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு மறுபடி மிதிக்கும் ‘டபுள் கிளட்ச்’ முறை அதற்காகத்தான். 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் கொண்டுவந்த சின்க்ரோமெஷ் அந்த வேலையைக் குறைத்தது. கியர்பாக்ஸில் உள்ள கூம்பு வடிவ வளையம் முதலில் உரசி வேகத்தைச் சமன்செய்யும். பிறகுதான் பல் விழும். ஆகவே கியர் லீவரை வெடுக்கென்று இழுக்காமல், நியூட்ரலில் ஒரு கணம் தாமதித்துத் தள்ளுங்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலான வித்தியாசத்தை இன்றும் சரிசெய்வது உங்கள் கால்கள்தான்.

உரசல் என்றால் சூடு. மேம்பால ஏற்றத்தில் கிளட்ச்சைப் பாதி விட்ட ‘ஹாஃப் கிளட்ச்’ நிலையிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால், கிளட்ச்சில் செலவாகும் ஆற்றல் சூடாக மாறிப் பிளேட்டைச் சுடும். கருகிய வாடை வரும். ஹேண்ட்பிரேக் போட்டு நில்லுங்கள். கிளட்ச் பிடித்து, வண்டி இழுக்கத் தொடங்கியதும் பிரேக்கை விடுங்கள். பின்னால் உருளாது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, ஓட்டுநர் தேர்வில் ஏற்றத்தில் நிறுத்திய வண்டியை இப்படிப் பின்னால் உருளாமல் கிளப்பிக் காட்டச் சொல்கிறது. இறக்கத்தில் விரைவாகக் கீழ் கியருக்கு மாறுவதையும் கேட்கிறது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை மலை ஏறித் திரும்புகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். கீழ் கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் முதல் நாளே ஒரு பழைய கிளட்ச் பிளேட்டை மாணவர் கையில் கொடுத்து விளக்க வேண்டும். காலடியில் நடப்பது புரிந்தால், பைய விடுவது தானாக வரும்.