மீன் தொட்டி: ஒளி வாங்கினால் வெப்பம் இலவசம்

செடிகள் செழிக்க வேண்டும் என்று பிரகாசமான விளக்கு மாட்டுகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். கோடையில் அது மீன்களின் தலையில் விடிகிறது.

மே மாதம், விடியற்காலை ஐந்து மணி. விளக்கு அணைந்து ஏழு மணி நேரம் ஆகியும் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு ஏற்கனவே செத்து மிதக்கின்றன. முந்தின வாரம்தான் வீட்டுக்காரர் பழைய குழல் விளக்கைக் கழற்றிவிட்டு, அதைப்போல் பல மடங்கு வெளிச்சம் தரும் புதிய விளக்கை மாட்டியிருக்கிறார். ஏதோ நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடுகிறார். கொண்டுவந்து ஊற்றும் மருந்தும் வேலை செய்யவில்லை.

புதிய விளக்கு மாட்டிய வீடுகளில் கோடைதோறும் திரும்பத் திரும்ப நடக்கும் கதை இது. கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலும் இன்று மீன்களோடு நீர்ச்செடிகளும் விற்பனைக்கு வருகின்றன. இந்த மோகத்துக்கு மூலபுருஷர் என்று ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டகாஷி அமானோவைச் சொல்லலாம். கண்ணாடித் தொட்டிக்குள் புல்வெளியும் காடும் அமைத்துக் காட்டியவர் அவர். 2015-ல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் கொள்ளளவும் கொண்ட தொட்டிக்குள் ஒரு வனத்தையே உருவாக்கினார். அந்தப் படங்களைப் பார்ப்பவருக்குத் தன் வீட்டு மூன்றடித் தொட்டியிலும் ஒரு துண்டு புல்வெளி வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் தரையில் படரும் செடிகளும், தென்னிந்தியாவைத் தாயகமாகக் கொண்ட ரொட்டாலா மாக்ராண்ட்ரா போன்ற சிவப்புச் செடிகளும் மங்கிய வெளிச்சத்தில் நிறம் வெளுத்து நலிந்துவிடும். ஆகவே விளக்கு மாறுகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

லிட்டருக்கு ஒரு வாட்

விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. ஒளியாக வெளிப்படும் பகுதியும் தண்ணீரிலும் மணலிலும் இலையிலும் விழுந்து வெப்பமாகிவிடும். செடி தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்வது சொற்பம்.

150 லிட்டர் தண்ணீருக்கு மேலே 150 வாட் விளக்கு எரிவதாக வைத்துக்கொள்ளலாம். அதன் வெப்பம் முழுவதும் தண்ணீரில் இறங்கி, எதுவும் வெளியேறாவிட்டால், மணிக்கு 0.86 டிகிரி செல்சியஸ் ஏறும். எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 7 டிகிரி. நடைமுறையில் ஒரு பகுதி அறைக்குள் போய்விடுவதால் அவ்வளவு ஏறாது. ஆனால் அதில் பாதி ஏறினாலே, காலையில் 28 டிகிரியில் இருந்த தண்ணீர் இரவில் 31.5-ஐத் தொட்டுவிடும்.

தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் 7.3 மட்டுமே. அதே சமயம் வெப்பத்தால் மீனின் உடல் இயக்கம் வேகமெடுத்து, அதற்கு வேண்டிய ஆக்சிஜன் கூடுகிறது. வரவு குறையும்போது செலவு ஏறுகிற குடும்பத்தின் கதைதான். பகலில் செடிகள் ஆக்சிஜனை வெளியிட்டு ஈடுகட்டும். விளக்கு அணைந்ததும் அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் கூட்டத்தோடு சேர்ந்துவிடும். இரவு முழுவதும் இருப்பு கரைந்து, விடியும் நேரத்தில் அடிமட்டத்துக்கு வரும். மீன்கள் அந்த வேளையில் மேலே வந்து தவிப்பது இதனால்தான்.

எந்த விளக்கு, எவ்வளவு உயரத்தில்?

ஒரு காலத்தில் அதிக ஒளி என்றால் மெட்டல் ஹாலைடு விளக்குதான். அது ஒளியோடு அகச்சிவப்புக் கதிர்களையும் நேராகத் தண்ணீர்மீது கொட்டும். அதன் சோக் தன் பங்குக்குத் தனியே சூடாகும். அமானோ பாணியில் இந்த விளக்கைத் திறந்த தொட்டிக்கு மேலே உயரமாகத் தொங்கவிட்டார்கள். அழகோடு, வெப்பம் வெளியேற வழியும் கிடைத்தது. இன்று அந்த இடத்தை எல்.இ.டி. பிடித்துவிட்டது. அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்சாரம் போதும். அகச்சிவப்புக் கதிர்களும் கீழே அதிகம் இறங்குவதில்லை.

ஆனால் எல்.இ.டி. சூடாகாது என்று நம்பிவிடக் கூடாது. அதன் வெப்பம் முதுகுப் பக்கத்து உலோகத் தகடுகள் வழியாக வெளியேறுகிறது. மூடிய மரப்பெட்டிக்குள் அதை மாட்டினால் வெப்பம் உள்ளேயே தங்கும். தண்ணீரும் சூடாகும், விளக்கின் ஆயுளும் குறையும். பெட்டியின் பின்புறத்தைத் திறந்துவிடுவதோ, விளக்கை 20, 30 சென்டிமீட்டர் உயர்த்தித் தொங்கவிடுவதோ நல்லது. சோக் அல்லது டிரைவரைப் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். தகடுகளில் படியும் தூசியை அவ்வப்போது தட்டிவிட வேண்டும்.

மண்பானை வித்தை

ஏறிய வெப்பத்தை இறக்க மலிவான வழி மண்பானைத் தத்துவம்தான். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் ஆவியானால் 150 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 4 டிகிரி வெப்பம் வெளியேறும். 150 வாட் விளக்கு எட்டு மணி நேரம் தரும் மொத்த வெப்பத்தையும் போக்க 2 லிட்டருக்கும் குறைவான தண்ணீர் ஆவியானால் போதும். கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற சிறிய 12 வோல்ட் மின்விசிறி ஒன்று நீர்ப்பரப்பின்மீது சாய்வாக வீசினால் பெரும்பாலும் காரியம் முடியும். கண்ணாடி மூடியை மட்டும் எடுத்துவிட வேண்டும். துள்ளும் மீன்கள் இருந்தால் வலை போடலாம்.

இங்கேதான் ஊருக்கு ஊர் வித்தியாசம். தில்லியில் 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், ஆவியாவதால் மட்டும் தண்ணீரைச் சுமார் 23 டிகிரி வரை குளிர்விக்கக் கோட்பாட்டளவில் இடமுண்டு. சென்னையில் 35 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அந்த எல்லை சுமார் 29 டிகிரி. எந்த மின்விசிறியாலும் அதற்குக் கீழே இறக்க முடியாது. வட இந்தியாவின் வறண்ட கோடையில் ஜில்லென்று வீசும் ஏர்கூலர், மும்பையிலும் சென்னையிலும் புழுக்கத்தைக் கூட்டுவதும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு எச்சரிக்கை. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். தினமும் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஈடுசெய்தால் சில வாரங்களில் கடினத்தன்மை எகிறும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரோ சுத்தமான மழைநீரோ ஊற்றுவது உத்தமம்.

நேரத்தை மாற்றுங்கள்

காசு செலவில்லாத வழியும் உண்டு. செடிகளுக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேர வெளிச்சம் போதும். அது உச்சிவெயிலிலேயே கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. டைமரை மாலை நான்கு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை வைத்தால், அறை சூடு தணியும் நேரத்தில் விளக்கு எரியும். வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் தொட்டியைக் கண்ணாரப் பார்க்கவும் முடியும். விளக்கு அணையும் நேரத்தில் ஏர் பம்ப் தானாக ஓடும்படி இன்னொரு டைமரும் வைத்துவிட்டால் விடியற்காலை ஆபத்து பெருமளவு நீங்கும். மின்வெட்டு உள்ள ஊர்களில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

பலரும் நாடும் ஐஸ் வைத்தியம் ஏமாற்றமே தரும். ஒரு கிலோ ஐஸ் முழுவதும் கரைந்தாலும் 150 லிட்டர் தண்ணீரில் இறங்குவது சுமார் 0.7 டிகிரிதான். அதிகமாகப் போட்டால் வெப்பநிலை சட்டென்று இறங்கி மறுபடி ஏறும். அந்த ஊசலாட்டமே மீனை வாட்டும்.

கடைசி ஆயுதம் சில்லர். 24 டிகிரிக்கு மேல் தாங்காத இறால் வகைகளை வெப்பமான ஊரில் வளர்க்க வேறு வழி அரிது. ஆனால் சில்லர் வெப்பத்தை அழிப்பதில்லை, தண்ணீரிலிருந்து எடுத்து அறைக்குள் தள்ளுகிறது. தொட்டிக்குக் கீழே மூடிய அலமாரியில் வைத்தால் தான் கக்கிய சூட்டையே திரும்ப உறிஞ்சி ஓய்வில்லாமல் ஓடும், மின்கட்டணமும் ஏறும். அதே பணத்தில் வெப்பம் தாங்கும் மீன்களைத் தேர்ந்தெடுப்பது பல வீடுகளுக்குப் பொருத்தமாக இருக்கும். டிஸ்கஸ் மீனுக்கு 29 டிகிரி சுகமான வெப்பம். தங்கமீனுக்கு அது தண்டனை.

ஆகவே விளக்குக் கடைக்குப் போகும் முன் ஒரு வெப்பமானி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பழைய விளக்கிலேயே ஒரு வாரம் காலையும் இரவும் அளவைக் குறித்துவைக்க வேண்டும். இரவு அளவு ஏற்கனவே 30 டிகிரியை எட்டியிருந்தால் முதல் செலவு மின்விசிறிக்கு; விளக்கு பிறகு. புதிய விளக்கையும் முதல் நாளே முழு வேகத்தில் எரிக்காமல், பாதி வெளிச்சத்தில் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்டலாம். பாசி பிடிப்பதும் குறையும். காலைக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் 2 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். அதைத் தாண்டினால் அன்றைக்கே வெளிச்சத்தைக் குறைத்துவிட வேண்டும். செடி ஒரு மாதம் பொறுத்து வளரும். மீனுக்கு ஓர் இரவுகூடப் பொறுக்காது.