சிஸ்டர் ஏன் நம்மை முதலில் பார்க்கவில்லை?



என் அம்மா ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். போன மாதம் ஒருநாள் நைட் டூட்டி முடித்து வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி, ஒருத்தர் கையைப் பிடிச்சு முறுக்கிட்டார்."

விரலில் வெட்டுக்காயத்தோடு வந்த ஒரு பையனின் அண்ணனாம். "நாங்க வந்து அரைமணி நேரமாச்சு, இப்ப வந்தவரை மட்டும் உடனே பார்க்கறீங்களே!" என்று சண்டை போட்டாராம். அந்த 'இப்ப வந்தவர்' நெஞ்சுவலியோடு வந்த ஒரு தாத்தா! அவருக்கு ஊசி போட வேண்டிய கையைத்தான் முறுக்கியிருக்கிறார். வேறு சிஸ்டரைக் கூப்பிட்டு வந்து ஊசி போடுவதற்குள் சில நிமிடங்கள் வீணாகிவிட்டன.

"அவர் கெட்டவர் இல்லை, தம்பி ரத்தத்தைப் பார்த்துப் பயந்துட்டார்" என்றார் அம்மா. எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. அதனால்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மூன்று நிறங்கள்

ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கு முதலில் கிடைக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் அப்படி இல்லை. யார் உயிருக்கு ஆபத்து அதிகமோ அவருக்குத்தான் முதலிடம். இந்த முறைக்கு 'டிரையாஜ்' என்று பெயர். நாடித்துடிப்பு, மூச்சு, பி.பி., நினைவு எல்லாம் பார்த்து நோயாளிகளைப் பிரிப்பார்கள்.

சிவப்பு: உடனே பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், மாரடைப்பு, நிற்காத ரத்தப்போக்கு போன்றவை.
மஞ்சள்: சீக்கிரம் பார்க்க வேண்டும். ஆனால் கொஞ்ச நேரம் தாங்குவார்.
பச்சை: சிறிய காயம், லேசான காய்ச்சல். காத்திருக்கலாம்.

மூளைக்கு ஆக்ஸிஜன் போகாவிட்டால் சில நிமிடங்களிலேயே அது பாதிக்கப்படும். விரல் வெட்டுக்காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தால் அரைமணி நேரம் தாங்கும்.

அம்மா சொன்னது: "காத்திருங்கன்னு சொன்னா அலட்சியம்னு நினைக்கக்கூடாது. இப்போதைக்கு உயிருக்கு ஆபத்தில்லைன்னு அர்த்தம். ஆனா கூட்டத்துல அதை எடுத்துச் சொல்ல எங்களுக்கும் நேரம் கிடைக்கிறதில்லை. அது எங்க பக்கத்துக் குறைதான்."

இது சின்ன விஷயமா?

பணிக்காலத்தில் 8 முதல் 38 சதவீதம் மருத்துவப் பணியாளர்கள் அடி உதைக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2012-இல் தூத்துக்குடியில், கர்ப்பிணி ஒருவர் இறந்ததை அடுத்து ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டார். 2023 மே மாதம் கேரளாவின் கொட்டாரக்கராவில், காயத்துக்கு மருந்து போடப் போலீஸார் அழைத்து வந்தவரே ஓர் இளம் மருத்துவரைக் குத்திக் கொன்றார். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் இதற்கென்று 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. டாக்டர், நர்ஸ் மட்டுமல்ல, மருத்துவ மாணவர்களைத் தாக்கினாலும் 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் சட்டம் வருவது அடி விழுந்த பிறகுதானே! அடி விழாமல் தடுக்க நம்மால் முடியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. என்ன ஆச்சு, எப்போது ஆச்சு, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
2. நோயாளியோடு ஒருவர் மட்டும் உள்ளே போங்கள்.
3. காத்திருக்கும்போது மயக்கம், அதிக வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் உடனே சொல்லுங்கள். பச்சையும் சிவப்பாக மாறலாம்!
4. உண்மையிலேயே தவறு நடந்தால் சும்மா விட வேண்டாம். அரசு மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். கையை மட்டும் ஓங்கக் கூடாது.

அம்மாவின் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் இப்போதும் வார்டில் யாராவது சத்தம் போட்டால், தன்னை அறியாமல் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறாராம்.

நண்பர்களே! அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர்களுக்குக் கோபம் வந்தால், பயப்படாமல் இந்த மூன்று நிறங்களை எடுத்துச் சொல்லுங்கள். அது போதும்.

- 10-ஆம் வகுப்பு மாணவி