ஆவுளியா மேயும் கடல்

பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல்பசு, கடலில் வாழ்ந்தாலும் மீனைத் தேடிப் போவதில்லை. அதன் உணவு கடல்புல். மூன்று மீட்டர் நீளத்துக்கும் நானூறு கிலோ எடைக்கும் வளரக்கூடிய இந்த விலங்கு, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் தின்னும். வேரோடு பிடுங்கித் தின்பதால், அது மேய்ந்துபோன தடம் கடலடி மணலில் ஏர் ஓட்டிய சால்போல் நீண்டு கிடக்கும்.

கடல்புல் பாசி அல்ல. பூத்து விதைவிடும் தாவரம். வெயில் எட்டும் ஆழம் வரைதான் வளரும். இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் அண்டிப் பிழைப்பது அந்தப் புல்லுக்குள்தான். அதனால் ஆவுளியா மேயும் இடத்தில்தான் நாட்டுப்படகுக்காரர் வலையும் விழுகிறது.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ஆவுளியாவுக்குச் செவுள் கிடையாது. சில நிமிடங்களுக்கொரு முறை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். மாலையில் விட்டு விடியலில் எடுக்கும் வலையில் மாட்டினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும் இனம் இது. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம்.

முன்பு இறைச்சிக்காகவே வேட்டையாடினார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்தது. தெரியாமல் வலையில் சிக்குவதைச் சட்டத்தால் எப்படித் தடுக்க முடியும்?

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். மீன்பிடிக்கப் புதிய தடை எதுவும் போடாதது நல்ல முடிவு. தொழிலை முடக்கியிருந்தால், வலையில் சிக்கிய ஆவுளியாவைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இப்போது உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விட்டவர்கள் இந்தக் கரையில் பலர் உண்டு. அறுத்த வலையின் விலைக்கு அந்தத் தொகை ஈடாக வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

இழுவைமடியின் கதை வேறு. அது கடலடியை வாரிக்கொண்டு போகும்போது புல்லும் சேர்ந்து பெயர்கிறது. கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கென்று ஒதுக்கும் சட்டம் 1983-இலேயே வந்துவிட்டது. விசைப்படகுகள் அதை மீறுகின்றன என்ற புகார் இன்றும் ஓயவில்லை. ஆவுளியாவும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே தரப்பில் நிற்பது இந்த வழக்கில்தான்.

பெயர்ந்த இடத்தில் புல்லை மறுபடி நடவும் முடியும். மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் கடல்புல் நாற்றைக் கோத்துக் கடலடியில் பதிக்கும் வேலை பாக் விரிகுடாவில் நடந்து வருகிறது. மூங்கிலும் கயிறும் நாளடைவில் மட்கிப்போகும். அதற்குள் புல் மணலில் வேர் பிடித்துவிடும்.